இருமுறை வடிகட்டிய எண்ணெய்

பிறர் முதுகிலிருந்து வழிந்த எண்ணெயை வேட்டித் துணியில் வடிகட்டுவதுதான் இசக்கிப்பாண்டியின் அன்றாடத்தில் கடைசி வேலை.

குற்றாலத்து ஐந்தருவிச் சாலையில், பலாப்பழக் கடைகளுக்குப் பின்புறம், தகரம் வேய்ந்த நீண்ட கொட்டகை ஒன்று உண்டு. அருவியின் கீழே எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாகாது என்று தடை வந்த பிறகு, தேய்ப்பவர்களுள் சிலர் அந்தக் கொட்டகைக்குள் ஒதுங்கினர். வருபவரை மரப்பலகையில் குப்புறக் கிடத்துவார்கள். பலகையின் இரு ஓரங்களிலும் விரற்கடை ஆழத்தில் பள்ளம் வெட்டியிருக்கும். உடம்பிலிருந்து வழியும் எண்ணெய் அந்தப் பள்ளத்தில் ஓடிக் கால்மாட்டில் தொங்கும் வாளியில் சொட்டும்.

சாரல் காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது முதுகுகளுக்குக் குறையாது. முந்தைய இரவு குடித்ததை வியர்வையாக வெளிவிடும் முதுகுகள், படை படர்ந்தவை, வேர்க்குரு பழுத்தவை, கைபட்டதும் காற்றுப் பிரிப்பவை. மாலையில் வாளி நிரம்பிவிடும். இசக்கிப்பாண்டி அதைத் துணியில் ஊற்றிப் பிழிவான். துணியில் தங்குபவற்றை அவன் உற்றுப் பார்ப்பதில்லை. சுருண்ட மயிர், உரிந்த தோல், புண்ணின் பொருக்கு, ஊறிப்போன பிளாஸ்திரி. ஒரு முறை முழுதாக ஒரு கால் நகம். இருபத்தாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன். ஒரு நாளும் அவனுக்குக் குமட்டியதில்லை.

முன்பெல்லாம் அந்த எண்ணெயைச் சாக்கடையில்தான் கவிழ்ப்பார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டு நாறிய போது பேரூராட்சியிலிருந்து ஆள் வந்து கொட்டகையையே பூட்டிவிடுவதாக மிரட்டினார். கையைப் பிசைந்துகொண்டு நின்ற வேளையில், கடைவீதியில் தைலக்கடை வைத்திருந்த சுடலைமணி, தாமே முன்வந்து கேனை எடுத்துச் செல்வதாகச் சொன்னார். கட்டடம் வார்ப்பவர்கள் சென்ட்ரிங் பலகையில் பூசுவதற்கு வாங்கிக்கொள்கிறார்களாம். பூசினால் சிமெண்டுக் கலவை பலகையோடு ஒட்டாதாம். கேன் ஒழிந்தால் போதும் என்றிருந்த இசக்கிப்பாண்டி, அவரைக் கும்பிட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

"ஏலே இசக்கி, போன கேன்ல முடி கெடந்துச்சுலே" என்றார் சுடலைமணி ஒரு நாள், ஸ்கூட்டரை நிறுத்தாமலே.

"பலகைல பூசுததுக்கு முடி கெடந்தா என்ன அண்ணாச்சி?"

"காங்கிரீட்டுல ஒட்டிக்கிடுதாம். கொத்தனாருமாரு என்னையப் போட்டு வையுதானுவ. நல்ல வெள்ளைத் துணியில ரெண்டு தரம் வடிகட்டு."

"வீடு கட்டுதவன் செவத்துல முடியத் தேடிக்கிட்டா இருப்பான்?"

"இந்தக் காலத்து வீட்டுக்காரன் எல்லாத்தையுந்தாம்லே தேடுதான். சொன்னதச் செய்யி."

அன்றுமுதல் அவன் இரண்டு தரம் வடிகட்டினான். சொன்னதைச் சுத்தமாகச் செய்பவன் என்று அவனுக்கொரு பெயர் உண்டு.

மேலகரத்தில் அவன் வீடு. மனைவி மாரித்தாய் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளி தரம் பிரிப்பவள். விடியுமுன் முதல் பேருந்தைப் பிடிப்பவள். ஏழு மாதங்களாக அவளுக்கு உறக்கம் இல்லாமற் போயிற்று. படுத்தால் உடம்பு கொதிக்கும், புரண்டு எழுந்து தண்ணீர் குடிப்பாள், மறுபடியும் புரள்வாள். அந்த நாட்களில்தான் அவள் அவனை முன்னறைக்கு அனுப்பினாள்.

"அங்கன போய்ப் படுங்க" என்றாள். "எனக்கு வாடை தாங்கல."

"குளிச்சிட்டுத்தான வந்தேன்?"

"குளிச்சாப் போறதா அது? அழுவுன தக்காளி மேல பட்டா ஒரு சொம்புத் தண்ணியில போயிரும். ஒங்க மேல இருக்கது ஆளு வாடை. தண்ணிய ஊத்த ஊத்தக் கூடுது."

அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குச் சென்றான். கழுவிய கையை முகர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

தென்காசி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை இரவை விட்டுவிட்டுப் பகலைப் பிடித்துக்கொண்டது. சந்தையில் நின்றவாறே கண் செருகிச் சரிந்து விழுந்தாள். வலது மணிக்கட்டு விரிசல் கண்டது. தூக்கி நிறுத்திய சுமைக்காரர்கள், "ஆச்சி காலங்காத்தாலயே சரக்கு ஏத்திட்டாளோ?" என்று சிரித்ததைத்தான் அவள் வீட்டிற்கு வந்து முதலில் சொன்னாள், கை முறிந்ததை அடுத்துச் சொன்னாள்.

துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஸ்வாதி, செல்போனில் எதையெதையோ பார்த்து ஒரு முறையை வகுத்தாள். எட்டரைக்கு டிவியை அணைக்க வேண்டும்; செல்போன் படுக்கையறைக்குள் வரலாகாது. வெந்நீரில் பாதங்களைக் கழுவ வேண்டும். உள்ளங்காலில் தைலம் தேய்த்து, நெற்றிப்பொட்டில் தொட்டு வைத்து, தலையணையில் இரண்டு சொட்டு விட வேண்டும். பின்னர் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும்.

தைலத்தைச் சுடலைமணியின் கடையில்தான் வாங்கி வந்தாள். 'மலைக்காற்று நித்திரைத் தைலம்' என்று ஒட்டியிருந்தது. படத்தில் ஊதா நிறப் பூங்கொத்தின்மேல் குழந்தை ஒன்று உறங்கியது. அந்தப் பூவை இசக்கிப்பாண்டி குற்றால மலையில் ஒரு நாளும் கண்டதில்லை.

"இது லாவெண்டருப்பா. மூளைய அமத்தும்."

"எனக்குக் கொடலுலா பொரட்டுது. பஸ்டாண்டு கக்கூசுல போடுத உருண்டை மாதிரி இருக்கு."

"ஒங்க மேல அடிக்கதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றாள் மாரித்தாய்.

முதல் வாரம் பலனில்லை. இரண்டாம் வாரம் ஓர் இரவு, உள்ளறையிலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது. இசக்கிப்பாண்டி எழுந்து, சாத்திய கதவின்மேல் காதை வைத்தான். ஏழு மாதங்களுக்குப் பிறகு கேட்கும் குறட்டை. அந்தக் கக்கூசு உருண்டை மணம் கதவிடுக்கு வழியாக அவன் மூக்கில் ஏறியது. ஏறட்டும் என்று நின்றான்.

நாற்பது நாட்கள் சென்றன. மாரித்தாயின் கண்ணடிக் கருமை வெளுத்தது. இடக்கையாலேயே சொதிக் குழம்பு வைத்தாள். அண்டை வீட்டுக்காரியோடு பழையபடி வாயாடினாள். ஆனித் திங்களில் ஒரு நாள், தோழியின் திருமணத்திற்காக ஸ்வாதி செங்கோட்டைக்குச் சென்று தங்கினாள். இரவுதோறும் தேய்த்துவிட்டவள் அவள்தான்; கட்டுப் போட்ட கையோடு மாரித்தாய்க்கு இரு பாதங்களையும் அழுத்தித் தேய்க்க இயலாது. அவள் தைலப் பாட்டிலை இசக்கிப்பாண்டியிடம் நீட்டினாள்.

"கைய நல்லாக் கழுவுனீங்களா?"

"மூணு தரம் கழுவிட்டேன்."

"சரி, வாங்க. மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிடுதேன், கோவிச்சுக்கிடாதீங்க."

அவன் வெந்நீர் கொண்டுவந்து அவள் பாதங்களைக் கழுவித் துடைத்தான். மனைவியின் காலைத் தொட்டு எத்தனை மாதங்கள் ஆயின என்று எண்ணத் தோன்றியது, எண்ணவில்லை. ஊர்பேர் தெரியாத ஆயிரம் முதுகுகளைத் தேய்த்த கைகள், அந்த இரண்டு சிறிய பாதங்களுக்கு முன்னால் கூசின. தைலத்தை உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்கலானான்.

மூன்றாம் இழுப்பிலேயே கை நின்றது.

புதிய எண்ணெய் நான்கு இழுப்பில் சூடேறி, இளகி, தோலுக்குள் இறங்கும். இது இறங்கவில்லை. வழவழத்து, நூல்விட்டு, தோலின்மேலேயே நின்றது. ஒரு முறை உடம்பில் ஊறி வந்த எண்ணெய்தான் அப்படி நிற்கும். உள்ளங்கை ரேகைகளில் வெள்ளையாய் ஓர் அழுக்குக் கோடு திரண்டது. அவன் கையை மூக்கருகே கொண்டு சென்றான். மேலே அந்த ஊதாப்பூ. அதற்குக் கீழே பொரித்த கருஞ்சீரகம், ஓமம். அதற்கும் கீழே நொச்சி. கொட்டகையில் நொச்சி இலை போட்டு எண்ணெய் காய்ச்சுபவன் அவன் ஒருவன்தான். எல்லாவற்றிற்கும் அடியில், சிக்கேறிய ஒரு நாற்றம். அதற்குப் பெயர் தேவைப்படவில்லை. ஒவ்வொரு மாலையும் வேட்டித் துணியைப் பிழியும்போது கிளம்புவது அது. தன் கையில் தனக்குத் தெரியாத அந்த வாடை, அவள் காலில் இருந்தபோது தெரிந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் மாரித்தாய், கண்ணைத் திறவாமல். குரல் உறக்கத்தில் பாதி கரைந்திருந்தது. "நல்லாருக்கு. தேய்ங்க."

அவன் துண்டால் அவள் பாதங்களைத் துடைத்தான். வெறுங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவள் உறங்கிவிட்டாள். நெற்றிப்பொட்டில் அவளே தொட்டு வைத்திருந்த எண்ணெய் மினுங்கியது. அந்த மினுக்கத்தில் பொருக்கும் மயிரும் நகமும் அவன் கண்ணுக்குத் தெரிந்தன. பின்கட்டுக்கு ஓடி, தின்ற சோற்றை முழுவதும் வாந்தியெடுத்தான்.

காலையில் சுடலைமணி கடையைத் திறக்குமுன் அவன் போய் நின்றான். கேட்டதற்கு அவர் மறுக்கவில்லை. பின்னறைக்கு அழைத்துச் சென்று காட்டவும் செய்தார். அடுப்பின்மேல் அண்டா, அருகில் அவன் கொடுத்த கேன்கள், ஒரு தகர டின்னில் ஊதுபத்திக்காரர்கள் வாங்கும் சென்ட்டு, சுவரோரம் ஊதாப்பூ ஒட்டிய பாட்டில்கள். அண்டாவின் விளிம்பில் பழுப்பு நுரை காய்ந்து பொருக்கிட்டிருந்தது. அதன்மேல் ஈக்கள்.

"கொதிக்க வச்சுப் பஞ்சுல வடிச்சுத்தாம்லே ஊத்துதேன். கொதிச்சா என்ன அழுக்கு நிக்கும்?"

"ஆளு அழுக்குலா அண்ணாச்சி அது! சீயும் சலமும் வழிஞ்சது. சென்ட்ரிங்குக்குன்னுலா சொன்னீக?"

"முதல்ல அதுக்குத்தான் கொடுத்தேன். ஒஞ்சரக்கு நீ ரெண்டு தரம் வடிகட்டுனதுக்கு அப்பொறம் கண்ணாடி மாதிரி வந்துச்சு. பலகைல பூச மனசு வரல."

"எம் பொஞ்சாதி தேய்க்கா."

சுடலைமணி சற்றுத் திகைத்தார். மறுகணமே தெளிந்தார்.

"தூங்குதாளா?"

"தூங்குதா."

"அப்பொறம் என்னலே? தூங்குதவள எழுப்பிவிட வந்திருக்கியா?"

சுடலைமணி உள்ளே சென்று வேறொரு சிறிய பாட்டிலோடு திரும்பினார்.

"இந்தா. இது நெசமான சரக்கு. ஊட்டிலருந்து எனக்குன்னு வாங்கி வச்சது. வீட்ல இருக்கதக் கொட்டிட்டு இத அதுல ஊத்தி வச்சிரு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வாயத் தொறந்தேன்னு வையி, வடிகட்டுனது எவன்னுதான் முதல்ல கேப்பா. என்ன சொல்லுவ?"

அவன் பாட்டிலை வாங்கிக்கொண்டான். வாங்கிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது, ஆயினும் வாங்கிக்கொண்டான். அன்று பகல் முழுவதும் பலகையில் கிடந்த முதுகுகளைத் தேய்க்கையில், ஒவ்வொன்றும் மாரித்தாயின் நெற்றியை நோக்கி வழிவதாக அவனுக்குத் தோன்றியது. மாலையில் வாளி எண்ணெயை வடிகட்டவில்லை. கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி, உமியோடு சேர்த்துப் புதைத்தான்.

வீட்டில் மாரித்தாய் அடுக்களையில் இருந்தாள். அவன் ஓசையின்றிப் பின்கட்டுக்குச் சென்று பழைய தைலத்தைக் கவிழ்த்தான். எண்ணெய் மெதுவாக, விட மனமில்லாததுபோல் இறங்கியது. காலி பாட்டிலைக் கழுவிப் புதியதை ஊற்ற வேண்டியதுதான். ஊற்றினால் அவள் உறங்குவாள். மறுபடியும் கையை நீட்டினால் காலைத் தருவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"எதுக்குக் கொட்டுதீங்க?" கதவருகே அவள் நின்றாள். அவன் கையிலிருந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்தாள். "சிக்குப் புடிச்சிட்டா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதுமாயிருந்தது. அந்தச் சொல் வாய்வரை வந்தது. அவள் நெற்றிப்பொட்டு மறுபடியும் கண்ணில் பட்டது.

"சாப்பிட்டியாட்டி?"

"சாப்பிட்டேன். ஏன்?"

"சாப்பிடுமுன்ன சொல்லிருக்கணும். இரி, சொல்லுதேன்."

பலகையின் பள்ளத்திலிருந்து அண்டாவின் நுரைவரை அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் மாரித்தாய் துவைகல்லில் உட்கார்ந்து, இடக்கையால் தேங்காய் நாரை எடுத்து, உள்ளங்காலைத் தேய்க்கலானாள். சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். சவுக்காரத்தைப் போட்டுத் தேய்த்தாள். நெற்றியிலும் அதே நாரை வைத்துத் தேய்த்தாள். தோல் சிவந்து, ஓரிடத்தில் இரத்தம் கசிந்தது.

"போதும்ட்டி."

"கிட்ட வராதீங்க." அவள் ஓங்கரித்தாள், எச்சில்தான் வந்தது. "தலையணைலயும் விட்டேனே. அதுல வாயத் தொறந்துகிட்டுத் தூங்கிருக்கேன். எத்தன பேரு அழுக்கு! யாரு எவன்னு தெரியாதவனுவ..."

அவன் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

"தூக்கத்துக்குன்னு ஸ்வாதி வாங்குனா. நான் எதுக்குத் தேய்ச்சேன் தெரியுமா? நீங்க வெளிய படுத்த பொறவும் செவத்துல, பாயில, எல்லாத்துலயும் ஒங்க வாடைதான். அத மறைக்கத்தான் தேய்ச்சேன். அதையே எடுத்து நெத்தியில வச்சிருக்கேன்." அவள் காறித் துப்பினாள். "வடிகட்டுனது நீங்கதான?"

"ஆமா."

"ரெண்டு வருசமா?"

"ஆமா."

"சென்ட்ரிங்குக்குன்னு அவரு சொன்னாரு, சரி. ரெண்டு வருசத்துல ஒரு கொத்தனாருகிட்ட, 'ஏம்பா, நீங்க இதத்தான் பூசுதீங்களா'ன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? மேலகரத்துல கொத்தனாருக்கா பஞ்சம்?"

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டிருந்தா கேன் நம்ம தலையிலயே நின்னிருக்கும்" என்றான்.

அந்த இரவு இருவரும் உறங்கவில்லை. விடிந்ததும் மாரித்தாய், ஊட்டிச் சரக்கைக் கையால் தொடாமல், அண்டை வீட்டுக்காரிக்கு ஸ்வாதி முன்பு வாங்கிக் கொடுத்திருந்த ஊதாப்பூப் பாட்டில் ஒன்றைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்தாள். "கெளம்புங்க" என்றாள்.

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கடைவீதி முழுவதும் ஈரத் துண்டும் நேந்திரம் சிப்சும் ஆளுமாக நெரிந்தது. சுடலைமணியின் கடையில் வெளியூர்க் குடும்பம் ஒன்று நின்றது. அந்தப் பெண்மணியின் கையில் அதே பாட்டில். "கொழந்தைக்குப் போடலாமா?" என்று அவள் கேட்க, "தாராளமாப் போடலாம் தாயி, நெஞ்சுலயும் உள்ளங்கால்லயும் தேய்ச்சு விடுங்க" என்று சுடலைமணி சொல்லிக்கொண்டிருந்தார்.

மாரித்தாய் முன்னே சென்றாள். "அண்ணாச்சி, ஒங்க தைலத்துல நாப்பது நாளு நல்லாத் தூங்குனேன்."

சுடலைமணியின் பார்வை, பின்னால் நின்ற இசக்கிப்பாண்டியைத் தொட்டு மீண்டது. "கேட்டீங்களா தாயி? உள்ளூர்க்காரியே சொல்லுதா" என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வாய்க்கவில்லை.

"நீங்களும் கொஞ்சம் தேய்ச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நெத்தியில ஒரு சொட்டுப் போதும்." அவள் மூடியைப் பல்லால் திருகினாள், உடனே மூடியைத் துப்பினாள்.

"யாவார நேரத்துல என்னம்மா விளையாட்டு? எனக்கு எண்ணெய் ஒத்துக்கிடாது."

"கொழந்தைக்கு ஒத்துக்கிடும். எனக்கு ஒத்துக்கிட்டு. ஒங்களுக்கு ஒத்துக்கிடாதா?"

"ஏலே இசக்கி, ஒம் பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டுப் போலே! கையில கட்டுப் போட்டது தலைக்கு ஏறிட்டா?"

வெளியூர்ப் பெண்மணி இசக்கிப்பாண்டியைப் பார்த்தாள். கடை வாசலில் நின்றவர்களும் பார்த்தார்கள். அவன் தன் உள்ளங்கைகள் இரண்டையும் விரித்தான்.

"நான் எண்ணெய் தேய்க்கவன். ஆளு மேலருந்து வழிஞ்ச எண்ணெய் இது. வடிகட்டிக் கொடுத்தது நான்தான்" என்றான். "ரெண்டு தரம் வடிகட்டுனேன்."

"பொய்! புளுகுதான்!"

"பொய்யின்னா ஒரு சொட்டு வைங்க" என்று மாரித்தாய், எண்ணெயில் நனைத்த விரலை அவர் நெற்றியருகே நீட்டினாள்.

சுடலைமணி பின்னால் துள்ளினார். அலமாரியில் முதுகு மோதி ஊதாப்பூப் பாட்டில்கள் கலகலத்தன. உதடு கோணி, மூக்குச் சுருங்கி, கழுத்து ஒரு பக்கமாய் வளைந்துவிட்டது. விரல் அவர்மேல் படவில்லை. ஆனால் அவர் தோள் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஒன்றும் படாத நெற்றியை மறுபடியும் மறுபடியும் அழுத்தித் துடைத்தார்.

வெளியூர்ப் பெண்மணி பாட்டிலை மேசைமேல் வைத்தாள். கையைப் புடைவையில் துடைத்தாள். போதாதென்று சாரலில் நீட்டிக் கழுவினாள். பின்னாலிருந்து எவரோ, "போன வருசம் எங்க வீட்டுக்கு நாலு பாட்டில் வாங்கிட்டுப் போனோமே!" என்று கூவினார். அதன் பிறகு கடைக்குள் எழுந்த கூச்சலைக் கேட்க மாரித்தாய் நிற்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில், கூரையிலிருந்து ஒழுகிய மழைநீரில் அவள் காலை நீட்டிக்கொண்டு நின்றாள். நாரால் உரிந்த இடங்கள் எரிந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள், ஆயினும் காலை எடுக்கவில்லை. இசக்கிப்பாண்டி இரண்டடி தள்ளி நின்றான். காற்று தன் பக்கமிருந்து அவள் பக்கம் வீசாத இடமாகப் பார்த்து நின்றான்.

"இனி ராத்திரி தூக்கத்துக்கு என்னட்டி செய்வ?"

"முழிச்சிருக்கப் போறேன்" என்றாள் மாரித்தாய். தென்காசிப் பேருந்து வளைவில் திரும்புவது தெரிந்தது. அவள் காலை உதறிவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களும் முழிச்சிருங்க."